ரயில்வே பென்ஷன்: பாதிச் சம்பளம் எல்லாருக்கும் ஒரே பாதி அல்ல

யு.பி.எஸ். என்னும் ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டம் 2025 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. "பாதிச் சம்பளம் உறுதி" என்று செய்தி வந்ததும், பழைய பென்ஷனே திரும்பிவிட்டது என்று ரயில்வே குடும்பங்கள் பலவும் எடுத்துக்கொண்டன. அப்படியில்லை. ஈரோடு லோகோ ஷெட்டில் பக்கத்துப் பக்கத்தில் வேலை பார்க்கும் இரண்டு பேர், ஒரே அடிப்படைச் சம்பளத்தில் ஓய்வு பெற்றாலும், கைக்கு வருவது வேறு. அவர்கள் காலத்துக்குப் பிறகு வீட்டுக்கு வருவது இன்னும் வேறு. பேச்செல்லாம் 50 சதவீதத்தைச் சுற்றியே நடக்கிறது. வித்தியாசம் பெரும்பாலும் குடும்பத்தின் பங்கில்தான் இருக்கிறது.

எந்தத் திட்டம் என்பதைத் தேதிதான் சொல்லும்

1. 2003 டிசம்பர் 31 வரை பணியில் சேர்ந்தவர்களுக்குப் பழைய பென்ஷன். இதை நடத்துவது 1993-ஆம் ஆண்டின் ரயில்வே பணி ஓய்வூதிய விதிகள். ஊழியர் கையிலிருந்து பிடித்தம் கிடையாது.

2. 2004 ஜனவரி 1 முதல் சேர்ந்தவர்களுக்கு என்.பி.எஸ். என்னும் தேசிய ஓய்வூதியத் திட்டம். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்த தொகையில் 10 சதவீதத்தை ஊழியர் கட்டுகிறார். அரசு 14 சதவீதம் போடுகிறது. 2019 ஏப்ரலுக்கு முன் அதுவும் 10தான்.

3. என்.பி.எஸ்.ஸில் இருந்துகொண்டே யு.பி.எஸ்.ஸைத் தேர்ந்தெடுத்தவர்கள் மூன்றாவது வகை. ஏற்கெனவே பணியில் இருந்தவர்களுக்கான கெடு இரண்டு முறை நீண்டு 2025 நவம்பர் 30-இல் முடிந்தது. புதிதாகச் சேருகிறவர்கள் 30 நாளுக்குள் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் என்.பி.எஸ்.தான்.

இடையில் ஒரு விலக்கு உண்டு. வேலைக்கான அறிவிப்பு 2003 டிசம்பர் 22-க்கு முன்பே வந்து, ஆணை மட்டும் 2004-க்குப் பிறகு கிடைத்தவர்கள் பழைய பென்ஷனுக்கு மாற 2023-இல் ஒரு முறை வாய்ப்பு தரப்பட்டது. ஆகவே 2004, 2005-இல் சேர்ந்த எல்லாரும் என்.பி.எஸ். என்று முடிவுகட்டிவிடக் கூடாது. சம்பளச் சீட்டில் பிடித்தம் இருக்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

கேங்மேன் வேலையில் தினக்கூலியாகத் தொடங்கிப் பின்னால் நிரந்தரமானவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று: தற்காலிக நிலை கிடைத்த நாளிலிருந்து நிரந்தரமாகும் வரையிலான காலத்தில் பாதி, பென்ஷன் கணக்கில் சேரும். சர்வீஸ் புத்தகத்தில் அந்தத் தேதி ஏறாமல் இருந்தால் சில ஆண்டுகள் அப்படியே காணாமல் போகும்.

பழைய பென்ஷன்: கணக்கு எப்படிப் போகிறது

அடிப்படைச் சம்பளம் 50,000 ரூபாய், பஞ்சப்படி 58 சதவீதம் (2025 ஜூலை முதல் இருந்த விகிதம்), சர்வீஸ் 30 ஆண்டு என்று வைத்துக்கொள்வோம். பஞ்சப்படியோடு சேர்த்து மாதம் 79,000.

1. பென்ஷன்: கடைசிச் சம்பளத்தில் பாதி, அல்லது கடைசி 10 மாதச் சராசரியில் பாதி, எது அதிகமோ அது. இங்கே 25,000. இந்தப் பாதிக்குப் பத்து ஆண்டு சர்வீஸே போதும். முப்பது ஆண்டுக்காரருக்கும் பன்னிரண்டு ஆண்டுக்காரருக்கும் விகிதம் ஒன்றுதான். குறைந்தபட்சம் 9,000.

2. கம்யூட்டேஷன்: பென்ஷனில் 40 சதவீதம் வரை விற்று மொத்தமாக வாங்கலாம். 60 வயதில் ஓய்வு பெறுகிறவருக்குப் பெருக்கு எண் 8.194. அதாவது 10,000 × 12 × 8.194 = 9,83,280 ரூபாய். அதன்பின் மாதம் 15,000-தான் அடிப்படை. ஆனால் பஞ்சப்படி விற்பதற்கு முன்பிருந்த 25,000-க்கே கணக்கிடப்படும். அப்படி 14,500 சேர்ந்து கையில் 29,500. விற்ற பகுதி 15 ஆண்டு கழித்துத் திரும்பி வரும். ஓராண்டுக்குள் கேட்டால் மருத்துவப் பரிசோதனை இல்லை.

3. கிராஜுவிட்டி (பணிக்கொடை): ஒவ்வொரு ஆறு மாதத்துக்கும் கால் மாதச் சம்பளம், பஞ்சப்படி உட்பட. 60 அரையாண்டுக்கு 15 மாதச் சம்பளம், 11,85,000. அதிகபட்சம் பதினாறரை மாதம்; உச்சவரம்பு 2024 ஜனவரி முதல் 25 லட்சம்.

4. மீதமிருக்கும் விடுப்பு: 300 நாள் வரை காசாக்கலாம். முழுதாக இருந்தால் 7,90,000.

ரன்னிங் ஸ்டாஃபுக்கு, அதாவது லோகோ பைலட்டுகளுக்கும் டிரெயின் மேனேஜர்களுக்கும் (முன்பு கார்டு), அடிப்படைச் சம்பளத்தோடு இன்னும் 55 சதவீதம் சேர்த்த பிறகே பென்ஷன் கணக்கு. 70,000 அடிப்படை உள்ளவருக்கு 1,08,500. அதில் பாதி 54,250. ஒரே லெவலில் ஓய்வு பெற்ற ஸ்டேஷன் மாஸ்டர் ஒப்பிட்டுப் பார்த்துத் தனக்கு ஏதோ தவறிவிட்டது என்று மனுப் போடுவதற்குக் காரணம் இதுதான்.

யு.பி.எஸ்.: அதே 50, வேறு நிபந்தனைகள்

இங்கே பாதி என்பது கடைசி 12 மாத அடிப்படைச் சம்பளத்தின் சராசரியில் பாதி. ஓய்வுக்கு மூன்று மாதம் முன்பு பதவி உயர்வு கிடைத்தால், பழைய பென்ஷனில் புதுச் சம்பளம் முழுதாகக் கணக்கில் வரும், யு.பி.எஸ்.ஸில் சராசரியில் கரைந்துவிடும். ஆனால் அதைவிடப் பெரியது சர்வீஸ் நிபந்தனை. முழுப் பாதிக்கு 25 ஆண்டு, அதாவது 300 மாதம் வேண்டும்.

தாமதமாக வேலை கிடைத்தவர்கள் இதில் அடிபடுகிறார்கள். 38 வயதில் சேர்ந்தவர் 60-இல் ஓய்வு பெறும்போது 22 ஆண்டு, 264 மாதம். மேலே சொன்ன 50,000 சராசரிக்கு அவர் கணக்கு இப்படி:

- மாதத் தொகை: 25,000 × 264 ÷ 300 = 22,000, அதோடு பஞ்சப்படி நிவாரணம்.
- ஒரே முறை தரும் தொகை: ஒவ்வொரு ஆறு மாதத்துக்கும் 79,000-இல் பத்தில் ஒரு பங்கு. 44 அரையாண்டுக்கு 3,47,600. இதனால் மாதத் தொகை குறையாது.
- கிராஜுவிட்டி: 11 மாதச் சம்பளம், 8,69,000. இது எல்லாத் திட்டத்துக்கும் பொது.

பத்து ஆண்டு முடித்தவருக்குக் குறைந்தது 10,000 உறுதி.

கம்யூட்டேஷன் இங்கே இல்லை. தன் கணக்கில் சேர்ந்த தொகையில் 60 சதவீதம் வரை எடுக்கலாம். எடுத்த அளவுக்கு மாதத் தொகை குறையும், 15 ஆண்டு கழித்தும் திரும்பாது. சர்வீஸின் நடுவே வீடு கட்டவோ கல்யாணத்துக்கோ பகுதித் தொகை எடுத்து அதைத் திருப்பிக் கட்டாமல் விட்டவருக்கும் இதே வெட்டு. விதியில் இதற்கு ஓர் அளவுகோல் தொகை இருக்கிறது: எதுவும் எடுக்காமல் இருந்தால் கணக்கில் எவ்வளவு சேர்ந்திருக்குமோ அது. கணக்கு அதைவிடக் குறைவாக இருந்தால் 22,000 என்பதும் அதே விகிதத்தில் இறங்கும். "உறுதி" என்ற சொல்லைக் கேட்டுவிட்டு இந்த வரியைப் படிக்காமல் விட்டவர்கள்தான் கடைசி ஆண்டில் திகைப்பார்கள்.

விருப்ப ஓய்வுக்கும் கண்ணி உண்டு. 25 ஆண்டு முடித்து 52 வயதில் வெளியே வரலாம். ஆனால் மாதத் தொகை 60 வயது ஆகும் தேதியிலிருந்துதான் தொடங்கும். இடையில் எட்டு ஆண்டு காடுகரையையோ வேறு வருமானத்தையோ நம்பித்தான் ஓட்ட வேண்டும்.

மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் என்ன வரும்

யு.பி.எஸ்.ஸில் குடும்பத்துக்கு 60 சதவீதம் என்கிறார்கள். பழையதில் 30 சதவீதம். இரட்டிப்பு மாதிரி தெரிகிறது. கணக்குப் போட்டால் இல்லை. பழையதில் 30 என்பது சம்பளத்தில் 30: 50,000-க்கு 15,000. யு.பி.எஸ்.ஸில் 60 என்பது வாங்கிவந்த தொகையில் 60: 25,000-க்கு அதே 15,000, 22 ஆண்டுக்காரரின் மனைவிக்கு 13,200.

மேலும் பழைய திட்டத்தில், ஓய்வுக்குப் பிறகு இறந்தால் ஏழு ஆண்டு வரையோ, இறந்தவருக்கு 67 வயது ஆகியிருக்கும் நாள் வரையோ, எது முந்தியோ அதுவரை, குடும்ப பென்ஷன் 50 சதவீத விகிதத்தில் வரும். கம்யூட்டேஷன் செய்திருந்தாலும் குடும்ப பென்ஷன் குறையாது.

யு.பி.எஸ்.ஸில் குடும்பம் என்பது கணவன் அல்லது மனைவி மட்டும், அதுவும் ஓய்வு பெறும் நாளில் சட்டப்படி மணமானவராக இருந்தவர். அதோடு முடிந்தது. பழைய திட்டத்தில் வரிசை நீளம்:

1. மனைவி அல்லது கணவன், வாழ்நாள் முழுதும், பொதுவாக மறுமணம் செய்யாதவரை.
2. பிள்ளைகள், 25 வயது அல்லது கல்யாணம் அல்லது சொந்தச் சம்பாத்தியம், எது முந்தியோ அதுவரை.
3. தானே சம்பாதிக்க முடியாத மாற்றுத்திறனாளிப் பிள்ளை, வாழ்நாள் முழுதும்.
4. கல்யாணமாகாத, கைம்பெண்ணான, விவாகரத்தான மகள், 25 வயதைத் தாண்டியும், வருமான வரம்புக்கு உட்பட்டு. விவாகரத்து வழக்கு பெற்றோர் உயிரோடு இருந்தபோதே போடப்பட்டிருந்தால், தீர்ப்பு பின்னால் வந்தாலும் ஏற்கப்படும்.
5. சார்ந்திருந்த தாய் தகப்பன், மாற்றுத்திறனாளி உடன்பிறப்பு.

வீட்டில் மாற்றுத்திறனாளிப் பிள்ளை இருக்கும் ஊழியர் யு.பி.எஸ்.ஸையும் என்.பி.எஸ்.ஸையும் மாதத் தொகையை மட்டும் வைத்து ஒப்பிடக் கூடாது என்பது என் கருத்து. என்.பி.எஸ்.ஸில் ஓய்வின்போது 60 சதவீதம் வரை கைக்கு வரும். மிச்சம் 40 சதவீதத்துக்கு ஆனுவிட்டி, அதாவது மாதாமாதம் பணம் தரும் காப்பீட்டுத் திட்டம், வாங்க வேண்டும். 40 லட்சம் சேர்ந்திருந்தால் 24 லட்சம் கையில், 16 லட்சம் ஆனுவிட்டியில். ஆண்டுக்கு 6 சதவீதம் கிடைப்பதாக வைத்தால் மாதம் 8,000. பஞ்சப்படி கிடையாது, பத்து ஆண்டு கழித்தும் அதே 8,000. மாத வருமானமாக இது மெலிந்ததுதான். ஆனால் அந்த 24 லட்சம் குடும்பத்தின் சொத்து. போட்ட முதல் வாரிசுக்குத் திரும்பும் வகை ஆனுவிட்டி எடுத்தால் 16 லட்சமும் பிள்ளைக்கு வரும். யு.பி.எஸ்.ஸில் மனைவிக்குப் பிறகு பிள்ளைக்கு மாதத் தொகை இல்லை. யு.பி.எஸ்.ஸை எடுத்துவிட்டவர்கள், ஓய்வுக்கு ஓராண்டு முன்பு வரை ஒரே ஒரு முறை என்.பி.எஸ்.ஸுக்குத் திரும்பலாம்.

பணியில் இருக்கும்போதே இறந்தால் நிலைமை வேறு. 2004-க்குப் பிறகு சேர்ந்தவர்களும், தாங்கள் பணியில் இறந்தாலோ உடல் முடியாமல் வெளியேறினாலோ பழைய விதிப்படியே குடும்ப பென்ஷன் வேண்டும் என்று விருப்பப் படிவம் கொடுத்து வைக்கலாம். பத்து ஆண்டு 50 சதவீதம், பிறகு 30, மேலே சொன்ன முழு வரிசையோடு. அப்போது கணக்கில் அரசு போட்ட பங்கு அரசுக்குப் போகும். ஊழியர் பங்கு குடும்பத்துக்கு வரும். லைனில் வேலை பார்க்கும் டிராக்மேன்களில் இந்தப் படிவத்தைக் கொடுக்காதவர் இருந்தால், அவர் முதலில் செய்ய வேண்டிய வேலை அதுதான்.

காகிதம் எங்கே இடிக்கிறது

பென்ஷன் மறுக்கப்படுவது குறைவு. மாதக்கணக்கில் நிற்பதுதான் அதிகம். காரணங்கள் பெரும்பாலும் சில்லறைக் காரணங்களே.

*பெயர்.* சர்வீஸ் புத்தகத்தில் பழனிச்சாமி, ஆதாரில் பழனிசாமி. மனைவி பெயர் படிவத்தில் வீட்டில் கூப்பிடும் சரசாள், ஆதாரிலும் பேங்கிலும் சரஸ்வதி. கொங்குப் பக்கத்தில் இது சர்வசாதாரணம். கணவர் உயிரோடும் பணியோடும் இருக்கும்போது குடும்ப விவரப் படிவத்தைத் திருத்துவது ஒரு மனுவோடு முடியும். அவர் போன பிறகு இரண்டு பெயரும் ஒருவரே என்று பிரமாணப் பத்திரம், வாரிசுச் சான்று, தாலுகா ஆபீஸ் என்று இழுக்கும்.

*பிறந்த தேதி.* 80 வயதில் பென்ஷனில் 20 சதவீதம் கூடும். 85-இல் 30, 90-இல் 40, 95-இல் 50, 100-இல் இன்னொரு முழு மடங்கு. குடும்ப பென்ஷனுக்கும் இது உண்டு. ஆனால் பி.பி.ஓ. என்னும் பென்ஷன் ஆணையில் மனைவியின் பிறந்த தேதி இல்லாவிட்டால் பேங்க் தானாகக் கூட்டாது. பழைய பி.பி.ஓ.க்களில் அந்த இடம் காலியாகவே கிடக்கும். தேதியைச் சேர்த்துத் திருத்திய ஆணை வாங்கி வைக்க வேண்டும்.

*பிள்ளைகள்.* மகளுக்குக் கல்யாணமாகிவிட்டது, வேலைக்குப் போகிறாள் என்று பெயரை விட்டுவிடுகிறார்கள். இன்றைக்குத் தகுதி இல்லாவிட்டாலும் பெயர் பட்டியலில் இருக்க வேண்டும்.

*பேங்க் கணக்கு.* கணவன் மனைவி இருவர் பெயரிலும் பென்ஷன் கணக்கு இருந்தால், அவர் காலமானதும் இறப்புச் சான்றும் ஒரு கடிதமும் கொடுத்து அதே கணக்கில் குடும்ப பென்ஷனைத் தொடங்கலாம். தனிக் கணக்கென்றால் புதுக் கணக்கு, படிவம், சாட்சிகள்.

*கோட்டம்.* சேலம் கோட்டம் 2007 நவம்பர் 1-இல்தான் பிறந்தது. அதற்கு முன் ஈரோடு, திருப்பூர், கோவை எல்லாம் பாலக்காட்டின் கீழ் இருந்தன. அந்தக் காலத்தில் ஓய்வு பெற்றவர் குடும்பம் சேலத்துக்கு நடந்து பயனில்லாமல் போகலாம், பி.பி.ஓ.வை வழங்கியது எந்தக் கோட்டம் என்று முதலில் பார்த்து, கோப்பு எங்கே என்று கேட்டுக்கொள்வது நல்லது.

ஆயுள் சான்று ஆண்டுதோறும் நவம்பரில்; 80 வயதானவர்கள் அக்டோபரிலேயே கொடுக்கலாம். கைரேகை தேய்ந்துபோனவர்களுக்குச் செல்போனில் முகம் காட்டிக் கொடுக்கும் வசதி இருக்கிறது.

மருத்துவம்: அட்டை இருந்தால் மட்டும் போதாது

ஓய்வுக்குப் பிறகு ரயில்வே மருத்துவம் தானாகத் தொடராது. ஓய்வு பெற்ற ரயில்வே ஊழியர்களுக்கான ஆர்.இ.எல்.எச்.எஸ்.-97 என்ற மருத்துவத் திட்டத்தில் சேர வேண்டும். ஒரே முறை பணம் கட்டினால் போதும், மாதச் சந்தா இல்லை. பொதுவாக 20 ஆண்டு சர்வீஸ் வேண்டும். பணியில் இறந்தவரின் துணைக்கும், உடல் முடியாமல் வெளியேற்றப்பட்டவருக்கும் இந்த ஆண்டுக் கணக்கு பொருந்தாது. யு.பி.எஸ்., என்.பி.எஸ்.காரர்களும் சேரலாம். செட்டில்மென்ட் காகிதங்களோடேயே இதையும் முடித்து, குடும்பத்தார் ஒவ்வொருவருக்கும் யுமிட் என்னும் ரயில்வே மருத்துவ அடையாள அட்டை எடுத்துவிட வேண்டும்.

வழி இது: பக்கத்திலுள்ள ரயில்வே ஹெல்த் யூனிட், அங்கிருந்து ஈரோடு ரயில்வே மருத்துவமனை, தேவைப்பட்டால் பெரம்பூர் தலைமை மருத்துவமனை அல்லது ரயில்வேயோடு ஒப்பந்தம் உள்ள தனியார் மருத்துவமனை. தனியாருக்குப் போவதென்றால் ரெஃபரல் கடிதம் முன்னால், அட்மிஷன் பின்னால்.

இந்த வரிசை மாறும்போதுதான் பணம் போகிறது. நெஞ்சுவலி வந்து நள்ளிரவில் அருகிலுள்ள மருத்துவமனையில் சேர்த்தால் அது அவசரம். ரயில்வே மருத்துவருக்கு உடனே தெரிவித்து, பின்னால் பணம் கேட்கலாம். அதே நோயாளி ஒரு வாரம் கழித்து நாள் குறித்துக்கொண்டு போய் ஆஞ்சியோ செய்தால் அது அவசரமல்ல. ரெஃபரல் இல்லாவிட்டால் நிராகரிக்கப்படும். அவசரச் செலவும் பில் தொகையாக அல்ல, சி.ஜி.எச்.எஸ். (மத்திய அரசு சுகாதாரத் திட்டம்) விகிதப்படிதான் திரும்பும். கோவையின் பெரிய மருத்துவமனைப் பில்லுக்கும் அந்த விகிதத்துக்கும் உள்ள இடைவெளி நம் கைக்காசு. டிஸ்சார்ஜ் சம்மரி, அசல் பில்கள், அவசரநிலை என்று மருத்துவர் தந்த சான்று மூன்றையும் ஆறு மாதத்துக்குள் கொடுத்துவிட வேண்டும்.

ஓய்வுக்குப் பின் தோட்டத்துச் சாளைக்குக் குடிபோகிறவர்களுக்கு இன்னொரு முடிவு இருக்கிறது. ரயில்வே மருத்துவமனையிலிருந்தோ ஹெல்த் யூனிட்டிலிருந்தோ இரண்டரை கிலோமீட்டருக்கு அப்பால் வசிப்பவர், வெளிநோயாளி வசதியை விட்டுக்கொடுத்தால் மாதம் 1,000 ரூபாய் நிலையான மருத்துவப்படி கிடைக்கும். உள்நோயாளி வசதி போகாது. கோபிசெட்டிபாளையம், காங்கேயம், தாராபுரத்தில் ரயில் நிலையமே கிடையாது. அங்கே இருப்பவருக்கு இந்தப் படி வசதிதான். ஆனால் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் கணவன் மனைவி இருவரும் மாத்திரை சாப்பிடும் வீட்டில், மருந்துக்கடைச் சீட்டை எடுத்து வைத்து ஒரு மாதக் கணக்குப் பார்த்துவிட்டே கையெழுத்துப் போட வேண்டும். பல வீடுகளில் அது ஆயிரத்துக்குள் அடங்காது. மாதம் ஒரு தடவை ஈரோட்டுக்கு பஸ் ஏறி மருந்து வாங்கி வருவதே மிச்சம்.

குவார்ட்டர்ஸும் பாஸும்

ஓய்வுக்குப் பின் வழக்கமான வாடகையில் நான்கு மாதம் குவார்ட்டர்ஸில் இருக்கலாம். நோய், பிள்ளை படிப்பு காரணமாகக் கூடுதல் கட்டணத்தில் இன்னும் நான்கு மாதம் கேட்கலாம். காலி செய்யும்வரை கிராஜுவிட்டி வராது. அனுமதி தாண்டித் தங்கும் ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு செட் ஓய்வுக்காலப் பாஸ் (இலவச ரயில் பயணச் சீட்டு) வெட்டப்படும். குரூப் சி ஊழியருக்கு ஆண்டுக்கு இரண்டு செட், 25 ஆண்டு சர்வீஸ் இருந்தால். 20 முதல் 25 வரை ஒன்று. சாவி ஒப்படைத்த ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்வது நல்லது.

ஒப்பந்தத் தொழிலாளர்கள்

ரயில் நிலையத்தில் துப்புரவு, பார்சல், பெட்டிகளில் போர்வை வேலை செய்யும் பலர் ரயில்வே ஊழியர் அல்லர்; ஒப்பந்ததாரரின் ஆட்கள். மேலே சொன்ன எதுவும் அவர்களுக்கு இல்லை. மாதச் சம்பளம் 21,000 வரை இருந்தால் இ.எஸ்.ஐ.; கோவையில் சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. மருத்துவமனை இருக்கிறது. பென்ஷன் பி.எஃப். வழியாக, குறைந்தபட்சம் 1,000 ரூபாய், பத்து ஆண்டு முடித்தால். ஒப்பந்ததாரர் மாறும்போதெல்லாம் பென்ஷன் பணத்தை எடுத்துவிடுகிறவர்களுக்கு அந்தப் பத்து ஆண்டு சேரவே சேராது. எடுக்காமல் புதுக் கணக்குக்கு மாற்றிக்கொண்டே போக வேண்டும்.

எந்தக் கதவைத் தட்டுவது

மாதாமாதம் வரும் தொகை, பஞ்சப்படி நிலுவை, ஆயுள் சான்று, வயதுக் கூடுதல் ஆகியவை பேங்கின் மத்திய பென்ஷன் மையத்தின் வேலை. கிளையில் எழுதிக் கொடுத்து ஒப்புகை வாங்கலாம். பி.பி.ஓ.வில் பெயர், தேதி, லெவல், சர்வீஸ் காலம் தவறென்றால் பேங்க் ஒன்றும் செய்ய முடியாது. அது கோட்ட பெர்சனல் பிரிவின் செட்டில்மென்ட் செக்‌ஷனுக்குப் போக வேண்டும். மருத்துவப் பில் கோட்டத் தலைமை மருத்துவ அதிகாரியிடம். மூன்றையும் ஒரே மனுவில் எழுதினால் அது மேசை மேசையாகச் சுற்றும். தனித்தனியாக, ஒவ்வொன்றிலும் பி.பி.ஓ. எண்ணோடும் அதன் நகலோடும் கொடுக்க வேண்டும். பதில் வராவிட்டால் கோட்டத்தில் நடக்கும் பென்ஷன் அதாலத் என்னும் குறைதீர் கூட்டத்துக்கு எழுதலாம். அப்போது ஒப்புகைச் சீட்டுகளின் நகல் இருந்தால்தான் முந்தைய மனுக்கள் போனதற்கு அத்தாட்சி.